குட்டீஸோட தீம் பார்க்: ஒரு ஓ.ஆர். பாடம்

இன்ஜினியரிங் சேர்ந்த நாள்ல இருந்து வீட்டுல நமக்கு ரெண்டு வேலை நிரந்தரமாகிடும். யார் போன் ஹேங் ஆனாலும் பார்த்துக் கொடுக்கணும். குடும்பமா எங்கே கிளம்பினாலும் ஆன்லைன்ல டிக்கெட் போட்டு, பிளானும் பண்ணிக் கொடுக்கணும். செமஸ்டர் லீவுல அக்கா பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து, "எல்லாருமா ஒரு நாள் தீம் பார்க் போயிட்டு வரலாமா?"ன்னு ஆரம்பிச்சா, அடுத்த நிமிஷம் மொத்தக் கண்ணும் நம்ம பக்கம் திரும்பும். அந்த வேலை யார் தலையில விழப்போகுதோ அவங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர் எழுதினவங்களுக்கு இது ரிவிஷன். எழுதாதவங்க பயப்பட வேண்டாம், மொத்தமே ரெண்டு ஃபார்முலாதான்.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன். ஹாஸ்டல் பசங்களோட போன அனுபவம் இங்கே செல்லாது. அங்கே ஆப்ஜெக்டிவ் ஃபங்ஷன் ரொம்ப சிம்பிள்: கொடுத்த காசுக்கு எத்தனை ரைடு. கேட் திறந்ததும் ஓடி, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, சாயந்திரம் ஒருத்தன் வாந்தி எடுத்து, மத்தவன் அதை வீடியோ எடுத்தா அது வெற்றிகரமான நாள். ரெண்டரை வயசுக் குழந்தை கூட வர்ற நாளுக்கும் அதே ஃபங்ஷனைப் போட்டா, மதியம் ரெண்டு மணிக்கு ஒரு மரத்தடியில குழந்தை கத்திட்டு இருக்கும், பெரியவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழுந்துட்டு இருப்பாங்க. எந்தப் பார்க்குக்கு வேணும்னாலும் போய் மதியம் ரெண்டு மணிக்கு மரத்தடிகளைப் பாருங்க, தெரியும்.

பாடப்புத்தகத்துல வர்ற மாதிரி ஒரு குடும்பத்தை எடுத்துக்குவோம். தாத்தா, பாட்டி, அக்கா, மாமா, ஆறு வயசுப் பெண், ரெண்டரை வயசுப் பையன், அப்புறம் நீங்க. ஏழு பேர். இடம் சென்னைப் பக்கம்னு வெச்சுக்கலாம். ஈ.சி.ஆர்.ல இருக்கிற வி.ஜி.பி.யோ எம்.ஜி.எம்.மோ, இல்லைன்னா 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல திறந்த வொண்டர்லாவோ. கோயம்புத்தூர்க்காரங்க மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர்னும், மதுரைக்காரங்க பரவை அதிசயம்னும் மாத்திப் படிச்சுக்குங்க. கணக்கு ஒண்ணுதான். ஏழு பேருக்கு டிக்கெட், வண்டி, சாப்பாடுன்னு சேர்த்தா நிறைய வீடுகள்ல இது வருஷத்துக்கு ஒரு தடவை பண்ற செலவு. மாமா அதுக்காக ஒரு நாள் லீவு போடறார். அதனால "போய்ப் பார்த்துக்கலாம்"ங்கிற பதில் வேண்டாம்.

எலியாஹு கோல்ட்ராட் 1984-ல 'தி கோல்'னு ஒரு நாவல் எழுதினார். ஃபேக்டரி மேனேஜ்மென்ட்டைக் கதையா சொல்ற புத்தகம், மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் பசங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல பையன்கள் காட்டுக்குள்ள வரிசையா நடந்து போற ஒரு இடம் வரும். ஒரு பையன் ரொம்ப மெதுவா நடப்பான். முன்னால போறவன் எவ்வளவு வேகமா நடந்தாலும் வரிசைதான் நீளுமே தவிர, கூட்டம் போய்ச் சேர்ற நேரம் அந்த மெதுவான பையனோட நேரம்தான். கடைசியில அவனை முன்னால விட்டு, அவன் பையில இருந்த சுமையை மத்தவங்க பிரிச்சுத் தூக்கினதும் எல்லாரும் வேகமாகிடுவாங்க. பாட்டில்நெக் கான்செப்ட்டை நாலு வருஷம் படிச்சும் எனக்கு அந்தக் காட்சி அளவுக்கு வேற எதுவும் மனசுல ஒட்டலை.

நம்ம குடும்பத்துல அந்தப் பையன் யாரு? முட்டி வலி இருக்கிற பாட்டின்னு தோணும். இல்லை. பாட்டி ஒரு நல்ல நிழல்ல உட்கார்ந்தா நாள் முழுக்க சந்தோஷமா இருப்பாங்க. ரெண்டரை வயசுக்காரன்தான் பாட்டில்நெக். அவன் காலு இல்லை, அவன் நல்லா இருக்கிற நேரம். மூணு வயசை நெருங்கற குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 11 மணி நேரமாவது தூக்கம் வேணும். அதுல ஒரு பங்கு மதியம் வந்தே தீரும். காலையில பார்க்குக்குள்ள நுழைஞ்சதுல இருந்து அந்தத் தூக்கம் வர்ற வரைக்கும், தூங்கி எழுந்ததுக்கு அப்புறம் கொஞ்சம், இவ்வளவுதான் உங்க கையில இருக்கிற கெப்பாசிட்டி. தோராயமா நாலு மணி நேரம். பார்க் ஏழெட்டு மணி நேரம் திறந்திருக்குங்கிறது அவனுக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம். பிளான் பண்றப்ப பேப்பர்ல முதல்ல அவன் தூக்கத்தை எழுதுங்க. மத்ததெல்லாம் அதைச் சுத்தித்தான்.

இப்ப உயரத்துக்கு வருவோம், ஏன்னா பெரியவள் அழப்போறது அங்கேதான். நம்ம பார்க்குகள் பலதுல குழந்தை டிக்கெட்டுக்கே வயசு கணக்கு இல்லை, உயரம்தான் கணக்கு. ரைடுக்கும் அப்படித்தான், வாசல்ல ஒரு அளவுப் பலகை நிக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சி அட்டவணைப்படி ரெண்டு வயசுல நடுவாந்தர உயரம் சுமார் 87 செ.மீ., அஞ்சு வயசுல 110, ஏழு வயசுல 121. ஆறு வயசுப் பெண்ணுக்கு 115. ஒரு ரைடுக்கு 120 செ.மீ. வேணும்னு போட்டிருந்தா அவளுக்கு அஞ்சு செ.மீ. குறையும். பார்க்க அஞ்சு விரல்கடை கூட இல்லை, ஆனா அந்த வயசுல அது ஒரு வருஷ வளர்ச்சி.

"கொஞ்சம்தானே சார், நான் பிடிச்சுக்கறேன்"னு ஆபரேட்டர்கிட்ட மாமா கெஞ்ச ஆரம்பிப்பார். நீங்க தடுக்கணும். ஏன்னு உங்களுக்குத் தெரியணும், ஏன்னா வேற யாருக்கும் தெரியாது. ரெண்டு பேருக்குச் சேர்த்து ஒரே லேப் பார் இருக்கிற சீட்டை யோசிச்சுப் பாருங்க. அந்தக் கம்பி பெரிய ஆளோட தொடையிலயோ தொப்பையிலயோ போய் நின்னுடும். பக்கத்துல இருக்கிற குழந்தைக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி. சீட் மேல எழும்பிக் கீழே வர்ற அந்த நொடியில அப்பா கையோட பிடியை நம்பி எந்த டிசைனரும் ஃப்ரீ பாடி டயகிராம் போடறது இல்லை. அதோட சின்னக் குழந்தைக்கு உடம்போட ஒப்பிட்டா தலை பெரிசு, கழுத்துத் தசை பலம் கம்மி. பலகையில இருக்கிற கோடு சும்மா போட்டது இல்லை.

அதனால வேலை வீட்டுலயே ஆரம்பிக்கணும். முந்தின நாள் செருப்பு இல்லாம நிக்க வெச்சு, கதவு நிலையில பென்சிலால கோடு போட்டு அளந்துக்குங்க. பார்க் வெப்சைட்டுல ஒவ்வொரு ரைடுக்கும் என்ன உயரம்னு பார்த்து, அவள் ஏறக்கூடியதை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி அவள் கையில கொடுத்துடுங்க. "இதெல்லாம் உன்னோடது." யூடியூப்ல பெரிய ரோலர் கோஸ்டரைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டு, அங்கே போய் "நீ குட்டிப் பாப்பா"ன்னு திருப்பி அனுப்பறது ரொம்பப் பெரிய துரோகம்.

சரி, கியூ. 1909-ல கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனிக்காக ஏர்லாங் போட்ட கணக்குல ஆரம்பிச்ச சப்ஜெக்ட் இது. அதுல ரொம்ப அழகான விதி 1961-ல ஜான் லிட்டில் நிரூபிச்சது. வரிசையில இருக்கிற ஆட்கள் = ஒரு நிமிஷத்துக்கு உள்ளே போற ஆட்கள் × காத்திருக்கிற நேரம். அவ்வளவுதான். பார்க்ல இதை இப்படிப் போடுங்க. குட்டி ரயில்ல 20 சீட். ஏத்தி, சுத்தி, இறக்க 6 நிமிஷம் ஆகுது, வாட்சைப் பார்த்து ஒரு தடவை அளந்துடலாம். ஆனா 20 பேர் ஏறமாட்டாங்க. மூணு பேர் குடும்பம் ரெண்டு ரெண்டு சீட்டா உட்கார்ந்தா ஒண்ணு காலியாப் போகும், அதனால 16-ன்னு வெச்சுக்குங்க. உங்களுக்கு முன்னால 80 பேர். அஞ்சு ட்ரிப், முப்பது நிமிஷம். ரெண்டரை வயசுக்காரனுக்கு முப்பது நிமிஷம் ரொம்ப அதிகம், அந்த ரயிலை விட்டுடுங்க. பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல எதுவானாலும் ஒருத்தர் மட்டும் கியூவுல நின்னு, மத்தவங்க வெளியே பிள்ளைகளை விளையாட விடறது நல்லது. சில இடங்கள்ல நடுவுல சேர விடமாட்டாங்க, முதல்லயே கேட்டுக்குங்க.

ரெண்டாவது ஃபார்முலா எந்தக் கிழமை போறதுன்னு சொல்லும். எம்/எம்/1 மாடல்ல கியூவுல நிக்கிற சராசரி நேரம், சர்வீஸ் நேரத்தைப் போல ρ/(1−ρ) மடங்கு. ரோ-ங்கிறது அந்த ரைடு எவ்வளவு பிஸியா இருக்குங்கிறது. 80 சதவீதம் பிஸின்னா 4 மடங்கு. 90-ன்னா 9 மடங்கு. 95-ன்னா 19 மடங்கு. கூட்டம் 80-ல இருந்து 95 ஆனது கண்ணுக்கு "கொஞ்சம் கூட்டம்தான்"னு தெரியும், கியூ கிட்டத்தட்ட அஞ்சு மடங்காகியிருக்கும். (பார்க்ல எம்/எம்/1 அசம்ப்ஷன் எதுவும் சரியா பொருந்தாது, நீளமா இருந்தா ஆளுங்க திரும்பிப் போயிடுவாங்கன்னு நம்ம பேராசிரியர் இதைப் படிச்சா சொல்லுவார். உண்மைதான் சார், ஆனா அந்த வளைவு மேலே எகிறுற விதம் நிஜம்.) ஞாயித்துக்கிழமையில இருந்து செவ்வாய்க்கிழமைக்கு மாத்தறது, திறக்கிறதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி வாசல்ல நிக்கிறது, இது ரெண்டும் எந்த எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுக்கும் கொஞ்சமும் குறைஞ்சது இல்லை. காணும் பொங்கல் அன்னைக்கு ஈ.சி.ஆர். பக்கமே போகாதீங்க, ஃபார்முலா எல்லாம் தேவையில்லை. இன்னொண்ணு: வாரநாள்னாலே காலியா இருக்கும்னு நினைக்க வேண்டாம். ஸ்கூல் டூர் சீசன்ல வரிசையா மஞ்சள் பஸ் நிக்கும். முந்தின நாள் பார்க்குக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாம்.

சாப்பாட்டுக்கும் இதே வளைவுதான். ஒரு மணிக்கு மொத்தப் பார்க்கும் ஃபுட் கோர்ட்ல நிக்கும். நீங்க பதினொன்றே முக்காலுக்குச் சாப்பிட்டுடுங்க. வெளிச் சாப்பாடு பல இடங்கள்ல அனுமதி இல்லை. குழந்தைக்குன்னு கொண்டுபோற தயிர்சாதத்துக்கும் பாலுக்கும் என்ன விதின்னு போன்லயே கேட்டுக்குங்க, கேட்ல நின்னு அக்கா செக்யூரிட்டியோட வாதாட வேண்டி வராது.

இனி நான் கொஞ்சம் வம்படியா சொல்லப்போறது. எந்த ரைடுக்கு கியூ இல்லையோ அதுதான் சின்னக் குழந்தைக்கு நல்ல ரைடு. முழங்கால் அளவு தண்ணி, மேலே இருந்து கவிழ்ற வாளி, சறுக்கு மரம், மணல். ஒரு வாளி கவிழ்றதை அவன் நாப்பது நிமிஷம் பார்ப்பான், ஒவ்வொரு தடவையும் அது அவனுக்குப் புதுசு. அப்பதான் மாமா சொல்வார்: "இவ்வளவு காசு கொடுத்து வந்து மண்ணுல விளையாடறான் பாரு, வாடா அந்த ரைடுக்குப் போகலாம்." இன்ஜினியரிங் எக்கனாமிக்ஸ்ல படிச்ச சங்க் காஸ்ட்டை நிஜ வாழ்க்கையில பயன்படுத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. கேட்ல கொடுத்த காசு போயிடுச்சு. அவன் எதுல ஏறினாலும் ஏறாட்டாலும் திரும்பி வராது. இனி முடிவு பண்ண வேண்டியது அடுத்த அரை மணி நேரம் அவன் எங்கே சந்தோஷமா இருப்பான்ங்கிறது மட்டும்தான். மாமாகிட்ட இதை "சங்க் காஸ்ட்"னு சொல்லாதீங்க. "விடுங்க மாமா, ஆடட்டும்"னு சொன்னா போதும்.

தண்ணீர்ப் பகுதியைப் பத்தி மட்டும் ஜோக் கிடையாது. குழந்தை தண்ணியில மூழ்கறப்ப சினிமாவுல வர்ற மாதிரி கை கால் அடிச்சுக் கத்தாது. சத்தமே வராது. ஏழு பேர் இருக்கோம்னு நினைப்போம், ஏழு பேரும் இன்னொருத்தர் பார்க்கிறாங்கன்னு நினைப்போம். சி.எஸ்.இ. மக்களுக்கு மியூடெக்ஸ் தெரியும்: ஒரு நேரத்துல ஒருத்தர்கிட்டதான் லாக் இருக்கும். அதையே பண்ணுங்க. ஒரு தொப்பி வெச்சுக்குங்க. தொப்பி யார் தலையில இருக்கோ அவங்க குழந்தையிலிருந்து கை எட்டற தூரத்துல இருக்கணும், போனைத் தொடக்கூடாது. மாத்தறப்ப வாயைத் திறந்து "இப்ப நீ"ன்னு சொல்லித் தொப்பியைக் கொடுக்கணும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாறணும், அதுக்கு மேல கவனம் நிக்காது. கையில மாட்டற காத்தடைச்ச பலூன் பாதுகாப்பு இல்லை, பார்க்ல லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்குங்க. காட்டன் டிரெஸ்ஸோட பெரும்பாலும் தண்ணியில இறங்க விடமாட்டாங்க, நைலான் துணி வேணும். பாட்டிக்கு இதை முன்னாடியே சொல்லலைன்னா அங்கே வாடகைக் கவுன்ட்டர்ல ஒரு சீன் இருக்கு. வெயில்ல காயற தரை காலைச் சுடும், சின்னவனுக்கு ரப்பர் செருப்பு. சின்ன உடம்பு சீக்கிரம் சூடாகும், எடைக்கு ஏத்த அளவைவிட அதுக்குத் தோல் பரப்பு அதிகம். தாகம்னு கேட்கறதுக்கு முன்னாடியே தண்ணி கொடுத்துட்டே இருங்க.

தொலைஞ்சு போறதுக்கும் ஒரு ஏற்பாடு. காலையில கேட்லயே ரெண்டு பிள்ளைகளையும் முழு உருவமா ஒரு போட்டோ எடுங்க. தேடறப்ப "என்ன கலர் சட்டை?"ன்னு கேட்டா, பதட்டத்துல பெத்தவங்களுக்கே ஞாபகம் வராது. முக்கியமா, தண்ணிக்கு டிரெஸ் மாத்தினதும் இன்னொரு போட்டோ. இதை நிறைய பேர் மறந்துடறாங்க. பெரியவளோட முன்கையில பால்பாயின்ட்டால போன் நம்பர். அவளுக்கு ஒரே ஒரு விதி: காணோம்னா தேடாதே, நின்ன இடத்துலயே நில்லு, நாங்க வருவோம்.

தாத்தா பாட்டிக்காக ஒரு டிப்போ வேணும். ட்ராவலிங் சேல்ஸ்மேன் கணக்குல வர்ற மாதிரி, எல்லாரும் கிளம்பித் திரும்பி வர்ற ஒரு இடம். மேப்பைப் பார்த்து, நிழல், பெஞ்ச், பக்கத்துலயே டாய்லெட், இந்த மூணும் இருக்கிற இடத்தை முதல் அரை மணி நேரத்துலயே பிடிச்சுடுங்க. மதியத் தூக்கமும் அங்கேதான். பார்க்கோட ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு ஓடறதை விட்டுட்டு, சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பக்கம், தூக்கத்துக்கு அப்புறம் இன்னொரு பக்கம்னு பிரிச்சுக்குங்க. எதையாவது பார்க்காம விட்டுப்போனா போகட்டும்.

இப்ப, கட்டுரை எழுத உட்கார்ந்ததுக்கே காரணமான விஷயம். உங்க வீட்டுப் பழைய டூர் போட்டோ எதையாவது எடுத்துப் பாருங்க. அக்கா எங்கே இருக்காங்க? ஒண்ணு போட்டோவுல இருக்க மாட்டாங்க, இல்லைன்னா ஓரத்துல ரெண்டு பையைத் தோள்ல மாட்டிட்டு, கையில ஃபீடிங் பாட்டிலோட நிப்பாங்க. எல்லாரும் ரைடு ஏறறப்ப "நீங்க போயிட்டு வாங்க, நான் இவனைப் பார்த்துக்கறேன்." அந்த வாக்கியத்தை யாரும் ஒரு தீர்மானமா எடுத்ததே இல்லை, தானா நடக்கும். கோல்ட்ராட் கதையில மெதுவா நடக்கிற பையனோட சுமையை எல்லாரும் பிரிச்சுத் தூக்கினாங்க. நம்ம வீடுகள்ல ஒருத்தரே தூக்கறாங்க.

டிஸ்னி பார்க்குகள்ல இதுக்கு ரைடர் ஸ்விட்ச்னு ஒரு ஏற்பாடே வெச்சிருக்காங்க: ஒரு பெரியவர் ஏறறப்ப இன்னொருத்தர் குழந்தையோட வெளியே இருக்கலாம், அப்புறம் திரும்ப முழு கியூவுல நிக்காம மாத்திக்கலாம். நம்ம பார்க்ல ஆபரேட்டர்கிட்ட கேட்டுப் பாருங்க, கூட்டம் இல்லாத நாள்ல சரின்னு சொல்றவங்க உண்டு. சொல்லாட்டாலும் பிளான்ல இதை ஹார்ட் கன்ஸ்ட்ரெயின்ட்டா எழுதுங்க. சின்னவன் தூங்கற ஒன்றரை மணி நேரம் அக்காவோடது. பாட்டி பெஞ்ச்ல இருப்பாங்க, பெரியவள் தாத்தாவோட ஐஸ்கிரீம் சாப்பிடுவா, தூங்கறவன் பக்கத்துல நீங்க. ஆமா, நீங்கதான். ஹெட்போன் கொண்டு போங்க.

போன மே மாசம் எங்க வீட்டுல இப்படித்தான் போனோம். அக்கா முதல்ல வரவே மாட்டேன்னுட்டாங்க, "எனக்கு எதுக்குடா இதெல்லாம்". மாமாதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனார். ஆடற கப்பல்ல கடைசி வரிசை. நான் சின்னவனை மடியில போட்டுக்கிட்டு தூரத்துல இருந்து பார்த்தேன். கப்பல் மேலே போறப்ப அக்கா போட்ட சத்தம் எனக்குத் தனியா கேட்டுது. காலேஜ் படிக்கிற காலத்துல அக்கா இப்படித்தான் சிரிப்பாங்க, அது எனக்கு மறந்தே போயிருந்தது. இறங்கி வந்து முடியைச் சரிபண்ணிக்கிட்டே, "இன்னொரு தடவை போகட்டுமா? இவன் எழுந்துடுவானா?"ன்னு கேட்டாங்க. அவன் இன்னும் நாப்பது நிமிஷம் தூங்குவான்னு என் பேப்பர்ல இருந்தது. எழுந்துட்டான்தான். ஆனா அதுக்குள்ள அக்கா போயாச்சு. அவன் தொப்பியைக் கடிச்சுக்கிட்டு என் மேல உட்கார்ந்திருந்தான்.

கிளம்பற நேரத்தைப் பார்க் மூடற நேரத்துக்கு விடாதீங்க. மூடறப்ப டிரெஸ் மாத்தற ரூம், லாக்கர், பார்க்கிங் மூணுலயும் ரோ ஒண்ணைத் தொட்டிருக்கும். நாலரைக்குப் பையைக் கட்டினா ஈ.சி.ஆரோ ஓ.எம்.ஆரோ மொத்தமா அடைக்கிறதுக்குள்ள கொஞ்ச தூரம் வந்துடலாம். ஈரத்துணிக்குத் தனியா ஒரு பிளாஸ்டிக் கவர். சின்னவனுக்கு மாத்து டிரெஸ் ஒரு செட் இல்லை, ரெண்டு செட், ரெண்டாவது கார்லயே இருக்கட்டும். பெரியவளுக்கு வண்டியில சாப்பிட ஏதாவது உப்பா வேணும், காராச்சேவோ கடலையோ. வீடு வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் தூங்கிடுவாங்க. எந்தப் பிள்ளையை யார் மாடிக்குத் தூக்கிட்டுப் போறதுன்னு அதையும் முன்னாடியே பேசி வெச்சுக்குங்க.